டியாகோ கார்சியாவில் நம்மவர்கள் இருந்த மூன்று வருஷம்

2021 அக்டோபர் 3. இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு மீன்பிடிப் படகு தண்ணீர் புகுந்து தத்தளித்துக்கொண்டிருந்தது. உள்ளே 89 இலங்கைத் தமிழர்கள், அவர்களில் 20 பேர் பிள்ளைகள். கனடாவுக்குப் போய்விடலாம் என்று கிளம்பியவர்கள். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று அவர்களைப் பார்த்து, பக்கத்திலிருந்த தீவுக்குக் கூட்டிப்போனது. படகைச் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள், இல்லை வேறு எங்காவது ஏற்றிவிடுவார்கள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் அவர்களில் பலர் அந்தத் தீவைவிட்டு நகரவே இல்லை.

தீவின் பெயர் டியாகோ கார்சியா. குமரிமுனையிலிருந்து கிட்டத்தட்ட 1,800 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. நிலம் பிரிட்டன் கையில், ராணுவத் தளம் அமெரிக்காவுடையது. 2001இல் ஆப்கானிஸ்தானுக்கும் 2003இல் ஈராக்குக்கும் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பின. 2025 வசந்தத்தில் அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் இங்கே வந்து நின்றபோது உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் இந்தத் தீவைப் பற்றி எழுதின. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் அங்கே கூடாரத்தில் கிடந்த தமிழர்களைப் பற்றி எழுதியவர்கள் மிகக் கொஞ்சம். தமிழில் இன்னும் கொஞ்சம். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு ராணுவத் தளத்தில் அகதிகள் தற்செயலாக மாட்டிக்கொண்ட கதையாக இதைப் படித்தால் பாதிதான் புரியும். இந்தத் தீவில் சாதாரண மனிதர்கள் யாரும் இருக்கக் கூடாது என்று அறுபது வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவுக்கு மேல்தான் தளம், ஓடுபாதை, துறைமுகம் எல்லாம் கட்டப்பட்டன. அதனால் முதலில் அந்தக் கதை.

மொரீஷியஸ் பிரிட்டனின் காலனியாக இருந்தபோது டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டமும் அதோடு சேர்த்தே ஆளப்பட்டது. மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பு, 1965 நவம்பரில், சாகோஸை மட்டும் தனியே வெட்டி எடுத்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று ஒரு புதுக் காலனியை பிரிட்டன் உண்டாக்கியது. மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. மறு வருஷம், தீவுகளை ராணுவத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள விடுவதாக அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு ஈடாக, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையை வாங்கும்போது பிரிட்டன் கட்ட வேண்டிய தொகையில் 1 கோடி 40 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. இது அப்போது இரண்டு நாட்டு நாடாளுமன்றங்களுக்கும் தெரியாமல் நடந்தது.

தீவுகள் காலியாக இல்லை. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அடிமைமுறை ஒழிந்தபின் தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்கள், இவர்களின் வாரிசுகள் தலைமுறைகளாகத் தென்னந்தோப்பில் வேலை செய்து, கொப்பரை காயவைத்து, மீன் பிடித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்று பிரெஞ்சிலிருந்து கிளைத்த ஒரு கிரியோல் மொழி இருந்தது, தேவாலயமும் இடுகாடும் இருந்தன. ஆனால் நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வில் பதில் சொல்ல வேண்டிவரும். எனவே இவர்கள் ஒப்பந்தக் கூலிகள், வந்து போகிறவர்கள் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். கடற்பறவைகளைத் தவிர அங்கே சொந்தக் குடிகள் யாரும் இருக்கக் கூடாது என்று 1966இல் ஒரு பிரிட்டிஷ் உயர் அதிகாரி எழுதிய குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. அதன் கீழே இன்னொருவர் அந்த மக்களைக் கேலி செய்து எழுதியதும் சேர்ந்தே வந்தது.

1968 முதல் 1973 வரை அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மருத்துவத்துக்காக மொரீஷியஸ் போனவர்களைத் திரும்ப ஏற்றவில்லை. சரக்குக் கப்பல் வருவதைக் குறைத்தார்கள். கடைசியில் மிச்சமிருந்தவர்களைக் கப்பலில் அடைத்து மொரீஷியஸிலும் செய்ஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்பு அவர்களுடைய வளர்ப்பு நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, ராணுவ வண்டிகளின் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். இது நடந்ததைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அடுத்து நம்மையும் இப்படித்தான் செய்வார்களோ என்று பயந்தோம் என வயதானபிறகு அவர்கள் சொன்னார்கள். நான் இதைப் படித்த அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

அதன்பிறகு அந்த மக்கள் நடத்திய வழக்கு பெரிய கதை. ஒலிவியே பான்கூல் என்பவர் தலைமையில் 2000இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில், தங்களை அப்புறப்படுத்தியது சட்டவிரோதம் என்று ஜெயித்தார்கள். 2004இல் நாடாளுமன்றத்துக்கே கொண்டுபோகாமல் அரச ஆணை ஒன்றின் வழியாக அந்த வெற்றியைப் பிடுங்கிக்கொண்டார்கள். 2008இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 3-க்கு 2 என்ற கணக்கில் அரசாங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான், பாதுகாப்பு. அதே 2008இல்தான், சிஐஏ ரகசியமாகக் கைதிகளைக் கடத்திப்போன விமானங்களில் இரண்டு 2002இல் இந்தத் தீவில் எண்ணெய் நிரப்ப இறங்கின என்று வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே சொல்லிவந்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப நினைத்த தோட்டத் தொழிலாளிகள் பாதுகாப்புக்கு ஆபத்து, கண் கட்டப்பட்ட கைதிகளோடு இறங்கும் விமானம் ஆபத்தில்லை. நான் இந்தத் தீவைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க 'தேசியப் பாதுகாப்பு' என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த மரியாதை குறைந்துகொண்டே போனது.

சரி, இப்போது படகுக்கு வருவோம்.

தமிழர்களைத் தங்கவைத்த இடம் தண்டர் கோவ் என்ற கடலோரப் பகுதி. வேலி போட்ட ஒரு சின்ன இடம், உள்ளே ராணுவக் கூடாரங்கள், காவலுக்கு ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஆட்கள். கூடாரத் துணியில் ஓட்டை விழுந்திருந்தது, மழை பெய்தால் உள்ளே ஒழுகியது, எலிகள் கூடு கட்டியிருந்தன. ஒரே கூடாரத்துக்குள் பல குடும்பங்கள். கடற்கரைக்குப் போக வேண்டும் என்றாலும் காவலர் கூட வர வேண்டும். வேலிக்கு அப்பால் அதே தீவில் அமெரிக்கப் படையினருக்கு மதுக்கடையும் பந்துருட்டும் அரங்கும் இருக்கின்றன, அங்கே புழங்கும் பணமே அமெரிக்க டாலர்.

முதல் சில மாதங்கள் எப்படியோ ஓடின. அப்புறம் உண்ணாவிரதம் இருந்தார்கள், சிலர் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள், சிலர் சாக முயன்றார்கள். பிள்ளைகள் மேல் பாலியல் சீண்டல் நடந்ததாகப் புகார் வந்தது. தற்கொலைக்கு முயன்ற சிலரைச் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். யோசித்துப் பாருங்கள், யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ பிறந்து, கனடா போகிறோம் என்று கடலில் இறங்கி, பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு தீவில் கூடாரத்தில் இருந்து, கடைசியில் கிகாலியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிப்பது. பொறுக்க முடியாமல் இலங்கைக்கே திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். இன்னும் சிலர் படகிலேயே பிரான்சின் ரீயூனியன் தீவுக்குப் போனார்கள்.

ஏன் இவ்வளவு நாள்? சட்டத்தில்தான் முடிச்சு. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தீவுக்கு அது பொருந்தாது என்பது பிரிட்டன் அரசின் நிலை. தீவுக்கென்று ஒரு ஆணையர் உண்டு, அவர் லண்டனில் வெளியுறவுத் துறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. சட்டம் போடுபவரும் அவரே, நடைமுறைப்படுத்துபவரும் அவரே. ஒருவரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாவாரா என்று பார்ப்பதற்கு மட்டும் ஒரு நடைமுறை வைத்தார்கள். முதலில் எடுத்த முடிவுகள் பல நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு சிலருடைய கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், திருப்பி அனுப்ப முடியாது என்றார்கள். ஆனால் பிரிட்டனுக்கும் அழைக்க மாட்டோம், வேறொரு பாதுகாப்பான நாடு தேடுகிறோம் என்றார்கள். இவர்களை உள்ளே விட்டால் அடுத்தடுத்துப் படகுகள் வரும், நாட்டுக்குள் நுழைய இது பின்வாசலாகிவிடும் என்ற பயம். நாடு தேடிக்கொண்டே இருந்தார்கள், இவர்கள் வேலிக்குள் இருந்துகொண்டே இருந்தார்கள். 2023 கடைசியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தினர் தீவுக்கு வந்து பார்த்துவிட்டு, இது சட்ட ஆதாரமில்லாமல் ஆட்களை அடைத்துவைப்பது, உடனே இவர்களை வேறிடம் மாற்றுங்கள் என்று சொன்னார்கள்.

தங்களை அடைத்துவைத்திருப்பது சட்டவிரோதம் என்று இவர்கள் போட்ட வழக்கில் என்னை மிகவும் பாதித்தது 2024 ஜூலையில் நடந்த ஒன்று. முகாமை நேரில் பார்த்து, தீவிலேயே விசாரணை நடத்த நீதிபதியும் வழக்கறிஞர்களும் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அமெரிக்கா பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதியை நிறுத்திவிட்டது. பிரிட்டிஷ் மண், பிரிட்டிஷ் நீதிமன்றம், பிரிட்டிஷ் நீதிபதி, ஆனால் விமானத்தில் ஏறவும் தங்கவும் சாப்பிடவும் அமெரிக்க ராணுவத்தின் தயவு வேண்டும். இந்த மண்ணுக்கு உண்மையில் யார் சொந்தக்காரர் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. கடைசியில் செப்டம்பரில், எங்கே போகலாம் எங்கே போகக் கூடாது என்று ஆயிரம் நிபந்தனைகளோடு, விசாரணை அங்கேயே நடந்தது. நீதிபதி மார்கரெட் ஓபி கூடாரங்களுக்குள் போய்ப் பார்த்தார். வருஷக்கணக்காக வேலிக்குள் இருந்தவர்கள் ஒரு நீதிபதியின் முன்னால் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தங்கள் கதையைச் சொன்னார்கள்.

2024 டிசம்பர் 16ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இவர்கள் மூன்று வருஷமாகச் சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள் என்றார் நீதிபதி. சிறை என்று பெயர் வைக்கவில்லையே தவிர இது சிறையேதான் என்று எழுதினார். தீர்ப்புக்குச் சில நாள் முன்பே அநேகமாக எல்லோரையும் விமானம் ஏற்றி பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். குற்றத் தண்டனை, விசாரணை என்றிருந்த சிலர் மட்டும் அப்போது பின்தங்கினார்கள். வந்து இறங்கியவர்களுக்கும் கிடைத்தது குறுகிய கால அனுமதிதான், அதற்குமேல் தஞ்சம் கேட்டு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

மூன்று வருஷம் முடியாத காரியம் அந்த டிசம்பரில் எப்படி முடிந்தது? வழக்கறிஞர்களின் உழைப்பு பெரிய காரணம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 2019இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது தவறு, பிரிட்டன் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்று கருத்துச் சொல்லியிருந்தது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்து வாக்களித்தன, எதிர்த்தவை ஆறே ஆறு. அதன் பிறகு நடந்த பேச்சுவார்த்தை 2024 அக்டோபர் 3ஆம் தேதி ஓர் உடன்பாட்டில் முடிந்தது (படகு கரைசேர்ந்து அன்றைக்குச் சரியாக மூன்று வருஷம்). இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியா தளம் மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு. 2025 மே 22இல் கையெழுத்தும் ஆனது. வருஷத்துக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு வாடகை. கையெழுத்தான பிறகும் லண்டனிலும் வாஷிங்டனிலும் இதைப் பற்றிய சண்டை ஓயவில்லை.

உடன்பாட்டை அறிவித்தபோது வெளியுறவு அமைச்சர் டேவிட் லாமி அதன் நன்மைகளில் ஒன்றாகச் சொன்னது, இந்தியப் பெருங்கடல் வழியாக பிரிட்டனுக்குள் சட்டவிரோதமாக வரும் ஆபத்தான பாதை இனி அடைபடும் என்பது. அதாவது, இனி படகு வந்தால் அது மொரீஷியஸின் பொறுப்பு. சாகோஸ் மக்களுக்கும் இதில் பெரிதாக எதுவுமில்லை, மற்றத் தீவுகளில் குடியேற்றலாம், டியாகோ கார்சியாவில் மட்டும் கூடாது. பேச்சுவார்த்தையில் அவர்களை உட்காரவைக்கவே இல்லை. கையெழுத்தாக வேண்டிய அன்று விடியற்காலையில் இரண்டு சாகோஸ் பெண்கள் இடைக்காலத் தடை வாங்கினார்கள், சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. இந்தியா இந்த உடன்பாட்டை வரவேற்றது. காலனி ஆதிக்கம் முடிய வேண்டும் என்பது இந்தியாவின் பழைய நிலை, அது நியாயமானதுதான். மொரீஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த ஓடுபாதை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால் தில்லியின் அக்கறை எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்தத் தீவில் தமிழர்கள் வேலிக்குள் கிடந்ததைப் பற்றி தில்லி குரல் கொடுத்து நான் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் படகில் வந்தவர்களில் எல்லோரும் நேராக இலங்கையிலிருந்து கிளம்பியவர்கள் இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் வருஷக்கணக்காக இருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு முகாம் உண்டு. என்னோடு பள்ளியில் படித்தவர்களில் முகாம் பிள்ளைகள் இருந்தார்கள், அதில் ஒருவன் இன்றும் எனக்கு நெருங்கிய நண்பன். 1990இல் அம்மா இடுப்பில் வந்தவன். இப்போது பெயிண்டர். முகாம் ஆண்களில் பாதிப்பேர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குத்தான் போகிறார்கள், ஏனென்றால் அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பத்துக்குப் பத்து வீட்டில் வளர்ந்தவன், அதிகாரிகள் ஆள்கணக்கு எடுக்கும் நாளில் எங்கே வேலை இருந்தாலும் விட்டுவிட்டு முகாமுக்கு ஓடுவான். அவன் வீட்டில் ஒருமுறை இந்தப் படகுப் பேச்சு வந்தது. ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக் கடலில் இறங்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டார்: "எல்லாம் தெரிஞ்சுதான் தம்பி போகுதுகள். இங்க இருந்து என்ன செய்யச் சொல்லுறீங்கள்? இவன்ட பிள்ளைக்கும் இதே அகதி கார்டுதானே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, சட்டத்திலும் இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இன்றைக்கும் கிட்டத்தட்ட 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். வெளியே முப்பதாயிரத்துக்கு மேல். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அதற்கப்புறம் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்திருந்தால், அம்மா இந்தியராக இருந்தாலும் அப்பா 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் முடிந்தது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்கு வழி திறந்தது, இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகள் கட்டிக்கொடுத்தது. வீடுகள் நன்றாகவே இருக்கின்றன, நான் பார்த்தேன். 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். நல்லதுதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதாகாது. என் நண்பனின் மகள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவள், இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. அவளிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை, இலங்கைப் பாஸ்போர்ட்டும் இல்லை. அவளுக்குக் கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. நிறுவனம் கேட்கும் முதல் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டுமாவது பிறப்பின் அடிப்படையில் குடியுரிமை கொடுக்கலாம். அதற்குக் குடியுரிமைச் சட்டத்தில் சின்னத் திருத்தம் போதும். மலையகத்திலிருந்து வந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களின் தாத்தா பாட்டிகள் இங்கிருந்துதான் தோட்டத்துக்குப் போனவர்கள், அவர்களுடைய விண்ணப்பங்களைத் தனியாக எடுத்துப் பரிசீலிக்கலாம். ஊருக்கே திரும்ப விரும்புகிறவர்களுக்கு நிலமும் பாதுகாப்பும் உறுதி செய்து அனுப்பலாம். படகில் ஏறுகிறவர்களைக் கடலில் தடுக்க எத்தனை கப்பல் நிறுத்தினாலும், ஏறும் காரணம் கரையில் அப்படியே இருந்தால் எதுவும் மாறாது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் தொகுதிக்காரர் யாரோ, அவருக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமை பற்றி இதுவரை நீங்கள் அவையில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். நான் என் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரம் எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.